கோபித்துக்கொண்டு போன பாதங்கள்

ஏலக்காய் எடுக்கக் கேரளத்து மலைக்கு ஜீப்பில் போய் வருகிற கரட்டுப்பட்டிப் பெண்களில் ஒருத்தி பொம்முத்தாய். அவளுடைய பாதங்கள் அவளிடம் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனது ஆவணி மாதத்து ஒரு புதன்கிழமை, மூடுபனி இறங்கி வந்து ஏலச்செடிகளின் தூர்வரைக்கும் உட்கார்ந்துகொண்டிருக்க, பெண்கள் எல்லாரும் ஓடைக்கரைப் பாறையில் சாய்ந்து பதினொரு மணித் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். தண்ணீர் புகுந்துவிட்டதே என்று அவள் வலது காலின் ரப்பர் கம்பூட்ஸை இழுத்துக் கழற்றிக் கவிழ்த்தாள். தண்ணீர் வந்தது, உள்ளே அடைத்து வைத்திருந்த பழைய பாவாடைத் துணி வந்தது, ரத்தம் குடித்துப் பருத்த அட்டை ஒன்று வந்தது, பாதம் மட்டும் வரவில்லை. இடது பூட்ஸிலும் அப்படித்தான். கணுக்கால்கள் இரண்டும் உலக்கை முனைபோல வழுவழுவென்று முடிந்திருந்தன. ரத்தமும் இல்லை, வலியும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரியும் ஜீப்பில் எப்போதும் பக்கத்து இடத்துக்காரியுமான சிலம்பாயிதான் முதலில் பார்த்தவள். ஓடையைத் தாண்டி இறங்குகிற ஒற்றையடிப் பாதையில், மெட்டி மினுங்க, இரண்டு பாதங்கள் பக்கம் பக்கமாக, ஊர்க்கதை பேசிக்கொண்டு போகிற இரண்டு பெண்களைப்போல, திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன.

"ஏத்தா பொம்மு, அந்தாப் போறது ஒங்காலுதான?"

பொம்முத்தாய் கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தாள். "ஆமக்கா. ரோசம் வந்துருச்சு போல."

"வராம என்ன செய்யும்," என்று சொல்லிவிட்டுச் சிலம்பாயி மிச்சத் தேநீரைக் குடித்தாள்.

கரட்டுப்பட்டிக்காரர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிறவர்கள் கிடையாது. கோபித்துக்கொண்டு போவது அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற காரியம். பெண்டாட்டிகள் போவார்கள், பத்திரிகையில் பெயர் போடவில்லை என்று தாய்மாமன்கள் போவார்கள், ஒரு கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்பு போதாது என்று சொன்னதற்காகச் சமையல்காரர் கரண்டியோடு போய், அவரை அழைத்து வர மாப்பிள்ளையே பஸ் ஏறிப் போன கதை உண்டு. போனவர்களை அழைத்து வருவதற்கு முறை இருக்கிறது, தட்டு இருக்கிறது, தட்டில் என்ன வைப்பது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆள் போவதற்குப் பதில் பாதங்கள் போயிருக்கின்றன, அவ்வளவுதான் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அன்று சாயங்காலம் ஜீப் டிரைவர் ஜக்கையன் அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்து மலையிறங்கினான். கொண்டை ஊசி வளைவொன்றில் அந்தப் பாதங்கள் ஓரமாக நடந்துகொண்டிருந்தன. ஜக்கையன் ஹாரன் அடிக்காமல், மரியாதையாக வண்டியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் போனான். பின்னாலிருந்து பெண்கள் எல்லாரும் தலையை நீட்டி, "ஏறிக்கங்க, எடங் கெடக்கு," "மழ வருது, நனையாதீக," என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். வலது பாதம் கொஞ்சம் தயங்கியது. இடது பாதம் அதை இடித்துக்கொண்டு முன்னே போனது. கோபத்தில் நடக்கிறவர்களை வண்டியில் ஏறச் சொன்னால் ஏறுவார்களா என்ன, ஜக்கையன் கியரை மாற்றி வண்டியை விட்டான்.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். பொம்முத்தாயின் வீட்டில் கம்பூட்ஸ் என்பது ஒரே ஒரு சோடி, அதுவும் ஒன்பதாம் நம்பர். மழைக்காலத்தில் திங்கள் முதல் சனி வரை அதைப் போட்டுக்கொண்டு அவள் மலைக்குப் போவாள், ஞாயிற்றுக்கிழமை அதையே போட்டுக்கொண்டு அவள் புருசன் சென்றாயன் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவான். வீட்டுக்குப் பொதுவாக ஒரு குடை வாங்கலாம், ஒரு சைக்கிள் வாங்கலாம், பூட்ஸும் அந்த வகையில் சேர்ந்துவிட்டது. உழைப்பைப் பொறுத்தவரை அந்த பூட்ஸைக் குறை சொல்ல முடியாது. பாறையில் கிழியவில்லை, வெயிலில் வெடிக்கவில்லை, அடி தேயவில்லை. உள்ளே கிடந்த அவளுடைய ஐந்தாம் நம்பர் பாதங்கள்தான், பெரிய பானையில் போட்ட இரண்டு கத்திரிக்காய்போல ஏற்றத்தில் பின்னுக்கும் இறக்கத்தில் முன்னுக்கும் மோதி மோதி, குதிகால் கொப்புளமாகி, நகம் கறுத்து, நாள் முழுக்க ஈரத்துணியில் ஊறி விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணாகிக் கிடந்தன. சென்றாயனைத்தான் ஊர் திட்டியது. கஞ்சப்பய, பொண்டாட்டிக்கு ஒரு பூட்ஸ் வாங்கித் தர வக்கில்ல என்று டீக்கடையில் அவன் காதுபடவே பேசினார்கள். அவன் வடையைத் தின்றான்.

மறுநாள் அவளுடைய அண்ணன் தவசியிடமிருந்து போன் வந்தது. ஓடைக்குளத்தில், அவள் பிறந்த வீட்டில் இருக்கிறவன் அவன். "தங்கச்சி, வெசனப்படாத. ஒங்காலு ரெண்டும் விடியக்கால இங்க வந்து சேந்துருச்சு. ஒம்மதினி வெந்நி போட்டுக் கழுவி, பாயி விரிச்சுப் படுக்க வச்சிருக்கா. நல்லா ஒறங்குது." பிறந்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறது என்றதும் ஊர் நிம்மதியானது. சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து கணுக்காலைத் தட்டிப் பார்த்தாள், சுகர் இருக்கிறதா என்று கேட்டாள், பாதம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றதும், "அப்ப சரி, சீக்கிரம் சமாதானம் பண்ணிக் கூட்டியாந்துருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொம்முத்தாய் வேலையை விடவில்லை. ஏலக்காய் எடுப்பது குத்துக்காலிட்டுத் தரையோடு தரையாகச் செய்கிற வேலை. முழங்காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, செடிக்குச் செடி நகர்ந்து காய் எடுத்தாள். அவளை மாற்றி வேறு ஆள் போடலாமா என்று யோசித்த கங்காணிகூட, காய்க்கூடையைப் பார்த்துவிட்டு, "ஓணம் முடியட்டும், பாப்போம்," என்று சொல்லிவிட்டார். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, பாதம் இல்லாத அந்த நாட்கள் அவளுக்குச் சுகமாக இருந்தன. உடம்பில் எங்கேயும் வலிக்கவில்லை. இத்தனை வருசமாகக் காலையில் எழுந்ததும் தரையில் ஊன்றியவுடன் குதிகாலில் ஏறுகிற அந்தக் குத்தல் இல்லாமல் ஒரு விடியல் இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. பனிக்குள்ளே உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருப்பாள், ஏலத்தின் வாசம் மெல்ல மெல்ல மூக்கிலிருந்து தலைக்கு ஏறும், திடீரென்று இல்லாத உள்ளங்காலில் ஓடைக்குளத்து மணல் சூடாகப் படும், அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டத்துச் சாணித்தரை குளிரும், மதினி நாகு தேய்க்கிற விளக்கெண்ணெய் வழுக்கும். அப்போது மட்டும் கை நின்றுவிடும். என்னுடையது எங்கேயோ என்னை விட்டுவிட்டு நன்றாக இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

இதற்குள் கரட்டுப்பட்டியில் வீட்டுக்கு வீடு எல்லாரும் தங்கள் பாதங்களைக் குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். யாருடையது எப்போது கிளம்பும் என்று யாருக்குத் தெரியும்? மலையிலிருந்து வந்ததும் பெண்கள் அடுப்பைப் பார்ப்பதற்கு முன்னால் காலைக் கழுவினார்கள், கழுவியதோடு விடாமல் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தார்கள், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினார்கள். நகத்தை ஓரம் வெட்டிக் குடையாமல் நேராக வெட்டினார்கள். டீக்கடையில் ஆண்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பேசினில் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அரசியல் பேசினார்கள். பேச்சு சூடானாலும் யாரும் காலை உதறிக்கொண்டு எழுந்திருக்கவில்லை. வளர்கிற பிள்ளை, இரண்டு சைஸ் பெரிதாகவே இருக்கட்டும் என்று பள்ளிக்கூட ஷூ வாங்கிய அம்மாக்கள் அதையெல்லாம் அக்கம்பக்கத்தில் பொருந்துகிற பிள்ளைக்கு மாற்றிக்கொண்டார்கள். கால் ஆணியைப் பிளேடால் சுரண்டிக்கொண்டே ஆயுளைக் கழித்த ஒருவர், பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் இடது காலிடம் மன்னிப்புக் கேட்டதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஈர பூட்ஸை அப்படியே வாசலில் விடாமல் வேலிக் குச்சிகளில் தலைகீழாகச் செருகிக் காயவைத்ததால், அந்தி வெளிச்சத்தில் ஊரின் வேலியெல்லாம் பூட்ஸ் காய்த்துக் கிடப்பதுபோலத் தெரிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட, பெண்ணுக்குச் செருப்பு எத்தனையாம் நம்பர் என்று கேட்டுவிட்டுத்தான் பஜ்ஜியைத் தொட்டார்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பெரியவர்கள் சென்றாயனைக் கூப்பிட்டு, முறைப்படி தட்டெடுத்துப் போய் அழைத்து வரச் சொன்னார்கள். வெற்றிலை, பாக்கு, பூவன் தார், மல்லிகைப்பூ, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சோடி வெள்ளிக் கொலுசு. கொலுசைப் போட கணுக்கால் கரட்டுப்பட்டியில் அல்லவா இருக்கிறது என்று ஓடைக்குளத்தில் போய் இறங்கின பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வாசலில் ஈச்சம்பாயில், எண்ணெய் மினுமினுக்க இரண்டு பாதங்களும் பக்கம் பக்கமாக இருந்தன. அவனைக் கண்டதும் திரும்பிக் குதிகாலைக் காட்டிக்கொண்டன.

தவசி மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தான். கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். "எங்க வீட்டுப் பிள்ளைய இப்பிடியா வச்சிருப்பீக மாப்ள? அந்தக் குதிகாலப் பாருங்க. எங்காட்டு வெடிப்பு கூட அம்புட்டு இல்ல."

சென்றாயன் இத்தனை நாள் வடையோடு சேர்த்து விழுங்கியதெல்லாம் அப்போது வெளியே வந்துவிட்டது. "மச்சான், நா ரெண்டு சோடிதான் எடுத்தேன். சந்தப்பேட்டை பாய் கடையில, எனக்கொண்ணு, அவளுக்கொண்ணு. அவதான் அவளுத திருப்பிக் குடுத்துட்டா. எனக்கெதுக்கு, துணிய வச்சு அடைச்சுக்கிறேன்னு சொன்னா. பிள்ளைகளுக்கு ஷூன்னா கடை கடையா ஏறுவா. எனக்குச் செருப்புன்னா வார இழுத்து இழுத்துப் பாப்பா. அவ காலுன்னு வந்தா மட்டும் ஒண்ணும் வேணாம்பா. நா என்ன செய்ய? ஊரு என்னயப் பேசுது. பேசட்டும்னு இருந்தேன்."

பாதங்களின் விரல்கள் மெதுவாக உள்ளே மடங்கின. நாகு அதைப் பார்த்தாள். அத்தனை நாள் எண்ணெய் தேய்த்தவள் அவள், அந்தப் பாதங்களின் முகம் அவளுக்குத் தெரியும். "அண்ணே, தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க," என்றாள். "இது புருசன் பொண்டாட்டிச் சண்ட இல்ல. நீங்க கூப்ட்டா வராது. அவ வந்து கூப்புடணும். சீக்கிரம் வரச் சொல்லுங்க. இங்கயும் இருப்புக் கொள்ளாமத்தான் கெடக்கு, பொழுது சாயவும் எந்திரிச்சு பஸ் ரோடு வரைக்கும் போயிப் போயி வருது. ஒருநா எதுலயாச்சும் ஏறிப் போயிருச்சுன்னா எங்கிட்டுப் போயித் தேடுவோம்?"

சென்றாயன் வந்து சொன்னதும் பொம்முத்தாய்க்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஆமா, நாந்தான் குத்தவாளி. எல்லாருக்கும் ஆக்கிப் போட்டு, மலையேறி மலையெறங்கி, கடைசில என் காலுக்கு நாந்தான் பகையாளி, அப்பிடித்தான?" என்று பாத்திரங்களை உருட்டினாள். உருட்ட இனிப் பாத்திரம் இல்லை என்றான பிறகு அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தச் சோடியைக் கடைக்காரரிடம் திருப்பி நீட்டியபோது மனசுக்குள் எவ்வளவு பெருமையாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். தனக்கென்று ஒன்றும் கேட்காதவள் என்று யாராவது சொல்ல வேண்டும் என்றுகூட எதிர்பார்த்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. அந்தப் பெருமையை இத்தனை காலமும் சுமந்தது யார் என்று இப்போது தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மலையிலிருந்து இறங்குகிற ஜீப்பை ஜக்கையன் நேரே ஓடைக்குளத்துக்கு ஓட்டினான். பெண்கள் யாரும் வீட்டில் இறங்கவில்லை. பஸ் ரோட்டில், புளியமரத்தடி நிறுத்தத்தில், புழுதி பறக்கும் மஞ்சள் வெயிலில் பாதங்கள் இரண்டும் நின்றுகொண்டிருந்தன. தூரத்தில் பஸ் ஒன்று வளைவு திரும்பிக்கொண்டிருந்தது. பொம்முத்தாய் ஜீப் நிற்பதற்குள் இறங்கி, முழங்காலில் தவழ்ந்து போய் அவற்றின் முன்னே உட்கார்ந்தாள்.

அத்தனை கிட்டத்தில் தன் பாதத்தை அவள் பார்த்ததே இல்லை. குதிகால் வெடிப்புகளில் எண்ணெயையும் மீறி இன்னும் மலைச்சேறு இருந்தது. பெருவிரல் நகம் ஒன்று முழுக்கக் கறுத்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்துவிரலின் கீழே இடம் தேடி ஒடுங்கிப் போயிருந்தது. இதே பாதம் சிலம்பாயியுடையதாக இருந்திருந்தால் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஏன்க்கா இப்பிடி விட்டீக என்று திட்டியிருப்பாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பாதங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என்ன புரிந்ததோ, விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். ஜன்னலோரங்களிலும் யாரும் அவசரப்படுத்தவில்லை.

மன்னித்துவிடு என்றெல்லாம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முந்தானையால் பாதங்களின் புழுதியைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக விலக்கி இடுக்குகளைத் துடைத்தாள். "வாங்க, கடைக்குப் போவோம்," என்றாள். "இந்தத் தடவ நீங்க பாத்துச் சொல்லுங்க." பாதங்கள் வெகுநேரம் யோசித்தன. பிறகு பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வலது முன்னாலும் இடது பின்னாலுமாக ஜீப்பின் படியில் ஏறின. கண்டக்டர் விசில் ஊதினார்.

சந்தைப்பேட்டையில் விளக்கேற்றுகிற நேரம். சென்றாயன் வேலை முடிந்து நேரே வந்து கடைவாசலில் காத்திருந்தான். செருப்புக்கடை அபுதாகிர் பாய் பாதங்களை முக்காலியில் உட்கார வைத்து, "சாயங்காலமா வந்தது நல்லதும்மா, நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இப்ப பொருந்துனா எப்பவும் பொருந்தும்," என்று தடித்த காலுறை ஒரு சோடி எடுத்துக் கொடுத்தார். முதல் சோடியில் பாதங்கள் இறங்கி கடையின் கடைசி வரை நடந்து பார்த்தன. குதிகால் உள்ளே ஏறி இறங்கியது. இரண்டாவது சோடியில் விரல் நுனி போய் முட்டியது.

"போகப் போக லூஸாயிரும்மா," என்றார் பாய், கடை தொடங்கிய நாளிலிருந்து எல்லாரிடமும் சொல்லிப் பழகிய வாய்.

பாதங்கள் அப்படியே நின்றன. கடையிலிருந்த அத்தனை பேரும் பொம்முத்தாயைப் பார்த்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. எந்தக் கடையிலும் இரண்டாவது டப்பாவைப் பிரிக்க வைத்தவளில்லை அவள், பாய் ஏணியில் ஏறி இறங்குவதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "ஆகாது பாய்," என்றாள். குரல் நடுங்கியது. "வேற எடுங்க."

அடுத்ததும் சரியில்லை. "வேற எடுங்க பாய்." அதற்கடுத்ததில் கெண்டைக்கால் உராயும் என்று அவளே கையை விட்டுப் பார்த்துச் சொன்னாள். "வேற எடுங்க." இப்போது குரல் நடுங்கவில்லை. டப்பாக்கள் கடைநடுவில் மலைபோல் குவிந்தன, சிலம்பாயி பிரித்துக் கொடுத்தாள், ஜக்கையன் மூடி அடுக்கினான், பாதங்கள் சளைக்காமல் போட்டுப் போட்டுக் கழற்றின. கடைசியில் கரும்பச்சை நிறத்தில், அடி கனமாக, மேலே மெத்தென்று ஒரு ஐந்தாம் நம்பர் வந்தது. பாதங்கள் அதில் இறங்கின, நடந்தன, குதித்தன, வாசற்படி ஏறி இறங்கின, விரலை உள்ளே அசைத்துப் பார்த்தன. பிறகு நடந்து வந்து, பொம்முத்தாயின் முன்னே, அவள் காலை இறக்க வாகாக, அவள் பக்கமாகக் குதிகாலை வைத்து நின்றன.

அவள் முக்காலியில் உட்கார்ந்து, பூட்ஸின் வாய்க்குள் கால்களை இறக்கினாள். கணுக்கால் பாதத்தைத் தொட்டது, சேர்ந்தது, அந்த நொடியில் வலி வந்தது. அன்றைய வலி மட்டும் வரவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஏறிய ஏற்றமும் இறங்கிய இறக்கமும், ஊறிய ஈரமும், காட்டிக்கொள்ளாமல் நடந்த அத்தனை நடையும், பாதங்கள் அவளுக்காகத் தனியே வைத்திருந்ததெல்லாம் கீழேயிருந்து மேலே ஏறி நெஞ்சுக்கு வந்தது. பூட்ஸ் எங்கேயும் கடிக்கவில்லை, அவ்வளவு பொருத்தமாக இருந்தது. வலி முழுக்க அவளுடையது. அவள் முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சென்றாயன் பதறிப்போய்க் குத்தவைத்து அவள் முகத்தைப் பார்த்தான். "என்ன பொம்மு, வலிக்குதா?"

பிள்ளை பெற்றபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் என்று ஊரில் பெயரெடுத்தவள் பொம்முத்தாய். பின்னால் பெண்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"வலிக்குதுய்யா," என்றாள். "ரொம்ப வலிக்குது." சொல்லிவிட்டுக் கடையென்றும் பாராமல், நாலு பேர் நிற்கிறார்களே என்றும் பாராமல், வாய்விட்டு அழுதாள். அவளை யாரும் அமர்த்தவில்லை. சிலம்பாயி தரையில் உட்கார்ந்து தன் பூட்ஸையும் கழற்றத் தொடங்கினாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள், பாய் அடுத்த முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

கொஞ்சம் பொறுத்து ஜக்கையன் வாசலிலிருந்து, "அக்கா, நடந்து பாக்குறியா, கெளம்புவமா?" என்று கேட்டான்.

பொம்முத்தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு கால்களை நீட்டி வைத்தாள். "இரு தம்பி," என்றாள். "இன்னுங் கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்."